மதினியின் நீண்ட விடுப்பு

என் கோமதி மதினிக்கு,

போன மாதம் வரைக்கும் ஆபீஸ் சிஸ்டத்தில் நீங்கள் விடுப்பில்தான் இருந்தீர்கள். சம்பளமில்லாத நீண்ட விடுப்பு. காரணம் கேட்ட இடத்தில் ‘உடல்நலம்’ என்று போட்டிருந்தேன். உங்கள் காரியமெல்லாம் முடிந்து ஆபீஸ் போன முதல் நாளே செய்த வேலை அது. சம்பளப் பிரிவு உங்கள் கணக்கை அப்போதே முடித்துவிட்டது. ஆனால் ஆள், சரக்கு, வண்டி எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கிற சிஸ்டத்தில் ஒருவர் பெயரை எடுப்பது, உங்கள் நாற்காலிக்கு வந்துவிட்ட என் பொறுப்பு. நான் எடுக்கவில்லை.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

கல்யாணமாகி வடக்கே சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில், என் வீட்டுக்காரரை நீங்கள் ‘தம்பி’ என்று கூப்பிட்டீர்கள், அந்த முறையில் எனக்கு மதினி ஆனீர்கள். ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது. இரண்டு வீடும் திருநெல்வேலிப் பக்கம், அவ்வளவுதான். பிறகு உங்கள் கம்பெனியிலேயே எனக்கும் வேலை வாங்கிக் கொடுத்தீர்கள். ஓக்லா கிடங்கிலிருந்து கல்லூரிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஆய்வகச் சாமான் அனுப்புகிற கம்பெனி.

உங்கள் பதவியின் பெயர் என்டர்பிரைஸ் ரிசோர்ஸ் மேனேஜர். அப்படியென்றால் என்ன என்று முதல் நாள் கேட்டேன். சிரித்தீர்கள். “ஏட்டி, வீட்ல அரிசி எம்புட்டு கெடக்கு, சிலிண்டரு எப்ப தீரும், நாளைக்கு யாரு சாப்பிட வாரா, இதெல்லாம் பாக்கோம்லா? அதையே கம்பெனிக்குப் பாக்கணும். பேருதான் பெருசு.” அதில் ஒன்றை நீங்கள் சொல்லவில்லை. வீட்டில் அரிசி தீர்ந்தால் வாங்குவோம், ஆள் கூடினால் யாரையும் வெளியே அனுப்ப மாட்டோம். கம்பெனியில் அப்படி அனுப்புவதும் நம் வேலை.

கிடங்கில் கண்ணாடிக் குடுவைகளை வைக்கோலும் காகிதமும் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற பெண்கள் எல்லாரும் மதராசி கேம்ப் என்கிற தமிழர் குடிசைப் பகுதியிலிருந்து வந்தவர்கள். கல்லூரிகள் மூடிக் கிடக்கிற மாதங்களில் ஆர்டர் இருக்காது. உடனே சிஸ்டம் அவர்களை ‘வேலையில்லாதவர்கள்’ என்று சிவப்பில் காட்டும். சிவப்பு வந்தால் அவர்களைக் கூலிக்கு அனுப்புகிற ஒப்பந்தக்காரர் நிறுத்திவிடுவார். ஜூலையில் புது ஆட்கள் வருவார்கள், வந்த வேகத்தில் பாதியை உடைப்பார்கள்.

அதற்காக நீங்கள் ஒரு திட்டம் திறந்தீர்கள். ‘தென் மண்டல விரிவாக்கம்’. அப்படி ஒரு விரிவாக்கமே கிடையாது. ஆர்டர் இல்லாத நாட்களில் அந்தப் பெண்கள் எல்லாரும் அதன் கீழே போய் உட்கார்ந்துகொள்வார்கள், கிடங்கைச் சுத்தம் பண்ணிக்கொண்டு, பழைய பெட்டிகளைப் பிரித்துக்கொண்டு. திரை பச்சையாகவே இருக்கும். மதராஸிக்காரி மதராஸ் சமாச்சாரத்தைப் பார்க்கிறாள் என்று நினைத்து ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இத்தனை பெரிய ஆபீஸில் சென்னைக்கு ஒரு போன் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

கேம்ப் இடிபட்டு அவர்கள் ஊரின் கடைக்கோடியில் இருக்கிற நரேலாவுக்குப் போனபோது, இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் எப்படி நேரத்துக்கு வருவார்கள் என்று நீங்களாகவே பிந்திய ஷிப்ட் போட்டுக் கொடுத்தீர்கள். அதுவும் அந்தத் திட்டத்தின் பேரில்தான். அடுத்த குளிர்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். திட்டத்தின் பொறுப்பாளர் நீங்கள். உங்கள் பெயரை எடுத்தால் திட்டம் மூடும், திட்டம் மூடினால் அவ்வளவு பேரும் சிவப்பில் வந்து நிற்பார்கள். பொறுப்பை என் பெயருக்கு மாற்றலாம்தான். அதற்கு நிதித் தலைவர் மெஹ்ரா சாப் கையெழுத்து வேண்டும், அவர் எந்த வாடிக்கையாளருக்கான வேலை என்று கேட்பார். அதனால்தான் மதினி, செத்துப்போன உங்களை விடுப்பில் வைத்திருந்தேன்.

இந்தக் கோடையில் புது சிஸ்டம் வந்தது. அதில் ஒவ்வொரு ஆளையும் காசு கொடுக்கிற ஒரு வாடிக்கையாளரோடு கட்டிப்போட வேண்டும். மெஹ்ரா என்னைக் கூப்பிட்டார்.

“சுபா ஜி, கோமதி ஜி கப் தக் சுட்டி பர் ரஹேங்கி?” கோமதி எத்தனை நாளைக்குத்தான் விடுப்பில் இருப்பாள் என்கிறார். குரலில் கோபமில்லை. உங்கள் உடலுக்கு முன்னால் நின்று விம்மி அழுத மனுஷன் அவர். எல்லாவற்றையும் சொன்னேன். பழகின கைகள், புது ஆள் எடுத்தால் உடையும், நரேலா, பஸ், எல்லாம். கடைசி வரை கேட்டார்.

“உங்க மதினி ரொம்ப நல்லவங்க” என்று இந்தியில் சொன்னார். “ஆனா எனக்கு மேலயும் ஒருத்தர் இருக்காரு. வெள்ளிக்கிழமைக்குள்ள க்ளோஸ் பண்ணிடுங்க.”

வெள்ளிக்கிழமை வரை அலைந்தேன். எல்லாத் திட்டத் தலைவர்களிடமும் போய், உங்கள் பக்கம் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். என் செலவு ஏறிவிடும் என்று ஆளாளுக்குக் கையை விரித்தார்கள். அவர்களைத் திட்டக்கூட முடியவில்லை. செலவு ஏறினால் கேள்வி கேட்டு மெயில் அனுப்புகிறவளே நான்தான்.

உங்கள் பெயரை எடுத்தேன். ‘இறப்பு’ என்று தேர்ந்தெடுத்தபோது சிஸ்டம் ‘உறுதியாகவா?’ என்று கேட்டது. ஆமாம் என்றேன். திரையை நான் மூடுவதற்குள் அத்தனை பெயரும் சிவப்பாகிவிட்டது. சாயங்காலமே ஒப்பந்தக்காரர் அவர்களிடம் சொல்லிவிட்டார்.

இந்த வேலையை நீங்கள் எப்படி இத்தனை வருஷம் பார்த்தீர்கள்? எனக்கு இதில் நல்லது எதுவும் தெரியவில்லை. புது சிஸ்டத்தில் ஒளித்து வைக்க ஒரு மூலைகூட இல்லை. நீங்கள் உட்கார்ந்த நாற்காலிதான், ஆனால் சிவப்பு எது பச்சை எது என்று சிஸ்டமே சொல்லிவிடுகிறது. நான் தலையாட்டினால் போதும். ராஜினாமா எழுதலாமா என்று உங்கள் தம்பியிடம் கேட்டேன். “எழுதிட்டு? அடுத்தாப்ல உக்காரவன் அவங்களத் திரும்பக் கூப்பிடப் போறானா?” என்றார்.

கணக்கு முடித்து வாங்கிக்கொண்டு போக அவர்கள் வந்த அன்று, செல்வி மட்டும் மாடியேறி என்னிடம் வந்தாள். கிடங்கில் எல்லாருக்கும் மூத்தவள், நீங்கள் ‘எங்க சூப்பர்வைசர்’ என்று கேலி பண்ணுவீர்களே, அவள்தான். வந்தவள் உட்காரவில்லை.

“மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கோமதியம்மா இருந்திருந்தா எங்கள வுட்டிருப்பாங்களா?”

அவளே தொடர்ந்தாள்.

“அவங்க இருந்தாலும் இதான் நடந்திருக்கும்னு சொல்லுங்க. பொண்ணுங்க எல்லாம் கீழ அதையே பேசிப் பேசி அழுவுதுங்க. யார் இருந்தாலும் இதான்னு தெரிஞ்சா மனசு ஆறிடும். நரேலாவுலயே எதுனா வேல தேடிக்குவோம்.”

“ஆமா செல்வி” என்றேன். “அவங்களாலயும் ஒண்ணும் முடிஞ்சிருக்காது. சிஸ்டம் மாறிட்டு.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “அச்சா மேடம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மதினி, நீங்கள் வேறொரு வழி கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்குத் தெரிகிறது, செல்விக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தப் பெண்களில் யார் எங்கே என்னைப் பார்த்து எத்தனை முறை கேட்டாலும், உங்களால் முடிந்திருக்காது என்றே சொல்வேன்.

உங்கள் தம்பி பொண்டாட்டி,
சுபா