கோயில் இருந்த இடத்தில் உன் குரல்

என் குமார் அண்ணே,

நான் செய்த கைப்பேசி வரைபடம் வெளியாகிவிட்டது. கோலா கங்சார் பக்கம் அம்மா பிறந்த பழைய ரப்பர் தோட்டத்தை, இன்று எண்ணெய்க்காக நட்டிருக்கும் செம்பனைக் காட்டின் மேல் விரலால் இழுத்துக் கொண்டுவரலாம். தொழிலாளர்களின் லயன் வீட்டைத் தொட்டால் அங்கே வாழ்ந்த ஒருவர் பேசுவார். இதை நான் வடிவமைத்த நாட்களில் குரல்களைப் பதிய மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிப்போனவன் நீதானே.

வரைபடத்தில் தோட்டத்துக் கோயில் இருந்த புள்ளிக்கு மட்டும் குரல் கிடைக்கவில்லை. வேலை செய்கிறதா என்று பார்க்க நீயே பேசிப் பதிந்தாய். அடுத்த மாதம், ஜெலாப்பாங்கில் வேலை முடிந்து வரும் வழியில், உன்னை லோரி அடித்தது; நீ வீடு திரும்பவே இல்லை. அந்தப் பதிவு யார் நினைவிலும் இருக்கவில்லை.

போன மாதம் முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். "கோயிலத் தொட்டா ஒரு பையன் கூப்பிடறான். யாரு அது?"

கூடத்தில் உட்கார்ந்து அந்தப் புள்ளியைத் தொட்டேன்.

"தேவி, கேக்குதா? நான் இங்கதான் இருக்கேன் லா. வா, போலாம்."

அம்மா கையில் மாவோடு சமையலறையிலிருந்து வந்து வாசலைப் பார்த்தார். "குமாரு வந்துட்டானா?"

கைப்பேசியைக் கொடுத்தேன். அம்மா அழவில்லை. திரும்பத் திரும்பத் தொட்டார். அழித்துவிடவா என்று கேட்டேன்.

"அவன் அங்க தனியா இருக்கான். என்னைக் கூட்டிட்டுப் போ."

ஞாயிறன்று போனோம். கோயில் இருந்ததற்கு அடையாளமாக ஒரு கல்கூட இல்லை. வரிசை வரிசையாகச் செம்பனை, பகலிலும் இருட்டு. அம்மா புள்ளியைத் தொட்டதும் மரங்களுக்கு நடுவே நீ பேசினாய். நாங்கள் இருவருமே திரும்பிப் பார்த்தோம்.

"இங்க எதுக்குய்யா நிக்கிற? வீட்டுக்கு வா," என்றார் அம்மா, வெறும் காட்டைப் பார்த்து.

காரில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். வரைபடத்தில் உன் புள்ளியைப் பிடித்து, மலைகளைத் தாண்டி, புந்தோங்கில் நம் வீட்டுக்கு இழுத்து வந்தேன். "மெதுவா, மெதுவா" என்று அம்மா பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். இனி அது எங்கள் இருவர் கைப்பேசியில் மட்டுமே தெரியும்.

அம்மா இப்போது சாப்பிட உட்காரும் முன் உன்னைத் தொடுகிறார். நீ "வா, போலாம்" என்கிறாய். அவர் ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிறார்: "இருப்பா, வாரேன்."

நீ கூப்பிட்டது என்னைத்தானே, அண்ணே? அம்மாவை இல்லையே?

உன் குரலை நான் ஒருபோதும் அழிக்கமாட்டேன். அம்மா அதைத் தொடும்போதெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். அவரைச் சீக்கிரம் உன்னிடம் விடமாட்டேன்.

உன் ஒரே தங்கச்சி,
தேவி