கார்த் கேட்காத காடு

14 ஆகஸ்ட் 1986, வியாழன்

கப்பலில் வேலை செய்யும் மன்னார் அந்தோனி அண்ணை இன்று மத்தியானம் எங்கள் அறைக்கு வந்தார். பின்லாந்தில் கோடையில் நடுச்சாமத்திலும் வெயில் எறிக்குமாம். முதலாளியும் தொழிலாளியும் உடுப்பில்லாமல் ஒரே சூட்டறையில் இருந்து வேர்ப்பார்களாம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"அங்கை ஆரின்ரை காடெண்டாலும் உள்ளை போய்ப் பழம் புடுங்கலாம். ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்" என்றார்.

"கார்த் இல்லாட்டிலுமோ அண்ணை?" என்று கேட்டுவிட்டேன்.

"காட்டுக்கை ஏனடா கார்த்?"

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

நாங்கள் வந்துசேர்ந்த இந்த அந்நிய நகரத்திலோ மெத்ரோ ரயில் நிலைய வாசலில் பொலிஸ் நின்று கார்த், அதுதான் வதிவிட அனுமதி அட்டை, கேட்கிறது. என்னிடம் இல்லை. ஒன்பது நாளாக அந்த நிலையப் படியில் நான் ஏறவில்லை. அண்ணை பின்லாந்திலிருந்து கொண்டுவந்து தந்த நீலப்பழ ஜாம் யன்னலோரம் இருக்கிறது. திறக்க மனமில்லை.

அந்தக் காட்டுக்குப் போவதென்றாலும் முதலில் இந்தப் படியைத்தான் ஏறவேண்டும்.