பத்து வருடமும் இருபத்து நான்கு நாளும்

பிடிஃபர்ட், மெய்ன்
அக்டோபர் 3, 2016

மதிப்பிற்குரிய ரோஸேர்,

கடிதத்தைப் பிரித்ததும் முதலில் கீழே கையெழுத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். ஆமாம், நான்தான். ஜினெட்.

நீங்களும் உங்கள் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் காகித ஆலையிலிருந்து ஓய்வு பெற்றதை என் சித்தி மகள் சொன்னாள். உங்கள் அம்மா இறந்த செய்தியையும் அவள்தான் சொன்னாள், இரண்டு வருடம் கழித்து. அப்போதே நாலு வரி எழுதியிருக்க வேண்டும். உட்கார்ந்தேன், எழுத வரவில்லை.

இங்கே கடற்கரையில் சுற்றுலாக் கூட்டம் வடிந்துவிட்டது. குளிர் இன்னும் வரவில்லை. நான் சௌக்கியமாக இருக்கிறேன்.

ஒரு சின்ன உதவி. ஒரு அரசாங்கக் காகிதத்துக்காக உங்களுடைய சமூகப் பாதுகாப்பு எண் தேவைப்படுகிறது. அதனால் உங்களுக்கு எந்தத் தொந்தரவும் வராது. முடிந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். முடியாவிட்டாலும் தவறாக நினைக்க மாட்டேன்.

மரியாதையுடன்,
ஜினெட்

மாடவாஸ்கா
அக்டோபர் 12, 2016

ஜினெட்,

எப்போதிலிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? சூப்புச் சட்டியை என் தலைக்குக் குறி வைத்தபோதெல்லாம் 'நீ'தானே?

சின்ன உதவி என்கிறாய். முப்பத்து மூன்று வருடமாக ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கூட அனுப்பாதவள் திடீரென்று என் எண்ணைக் கேட்டால் நான் என்ன நினைப்பது? ஊரில் தினமும் யாராவது ஒரு கிழவன் போனில் எண்ணைச் சொல்லி ஏமாறுகிறான். எழுதியது நீதானா என்றே சந்தேகப்பட்டேன். பிறகு அந்த 'சௌக்கியமாக இருக்கிறேன்' என்ற வரியைப் பார்த்ததும் நீதான் என்று தெரிந்துவிட்டது. சௌக்கியமாக இல்லாதபோதுதான் நீ அதைச் சொல்வாய்.

என்ன காகிதம்? எதற்கு? என்னை விட்டுவிட்டு யாரோடு போனாயோ, அந்த வெண்டல் எங்கே? அவனிடம் எண் இல்லையா?

உள்ளதை எழுது. பிறகு பார்க்கலாம்.

ரோஸேர்

பிடிஃபர்ட்
அக்டோபர் 24, 2016

ரோஸேர்,

எண் இனி வேண்டாம். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

வெண்டல் ஏப்ரலில் இறந்துவிட்டான். அவன் நடத்திய கடற்கரை விடுதி அவன் பிள்ளைகளுக்குப் போனது. மூத்தவன் என் பெட்டியை வாசல்வரை தூக்கி வந்து கொடுத்தான். "அப்பாவுக்கு ரொம்ப உதவியா இருந்தீங்க, ஜினெட்" என்றான். முப்பத்திரண்டு வருடம் அந்த விடுதியின் இருபது அறைகளையும் பெருக்கித் துடைத்தேன், மெத்தை விரிப்பு மாற்றினேன், வரவேற்பு மேசையில் உட்கார்ந்தேன். உதவியாக இருந்திருக்கிறேன். இப்போது ஒரு சலவைக் கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறேன்.

டிசம்பரில் எனக்கு அறுபத்தைந்து முடிகிறது. முதியோருக்கான அரசாங்க மருத்துவக் காப்பீட்டுக்கு, மெடிக்கேருக்கு, எழுதிப் போட வேண்டிய நேரம். அறுபத்தைந்து ஆனால் தபாலில் தானாக அட்டை வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று, என் முறை வந்து உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"நாற்பது காலாண்டு சம்பளத்துல வரி கட்டியிருந்தாதான் ஆஸ்பத்திரிக் காப்பீடு இலவசம்மா. உங்க பேர்ல ஒன்பதுதான் இருக்கு. எழுபத்தொன்பதுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லியே. நீங்க வேலைக்கே போகலையா?"

போகவில்லை என்று சொன்னேன், ரோஸேர். பக்கத்து நாற்காலியில் ஒரு ஆள் காத்திருந்தான், அவன் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். வேலை பார்த்தேன், சம்பளப் பட்டியலில் என் பெயரைப் போடவே இல்லை, அதை நான் கேட்கவும் இல்லை என்று சொல்வதைவிடச் சோம்பேறி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. அந்த ஒன்பது காலாண்டும் உன் ஊர்ப் பள்ளிச் சமையலறையில் நான் வேலை பார்த்தவை, உனக்கு நினைவிருக்கும்.

அந்தப் பெண் நல்லவள். "வீட்டுக்காரர் கணக்குல வாங்கலாமே" என்றாள். வெண்டல் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை என்றேன். "அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆகியிருந்துதா? விவாகரத்து ஆகியிருந்தாலும் பரவாயில்லை, நீங்க மறுபடி கட்டிக்காம இருந்தா போதும். அவர் கணக்குல கிடைக்கும், அவருக்கு ஒரு குறையும் வராது" என்றாள். உடனே உனக்கு எழுதினேன். போன வாரம் மறுபடி போனபோதுதான் மிச்சத்தைச் சொன்னாள். "கல்யாணம் பத்து வருஷமாவது நீடிச்சிருக்கணும்மா." எழுபத்து நான்கில் கட்டிக்கொண்டோம், எண்பத்து மூன்றில் நான் கிளம்பினேன். விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது. "ஒன்பதுன்னா முடியாதேம்மா" என்று அவள்தான் வருத்தப்பட்டாள்.

மாதாமாதம் பணம் கட்டி வாங்கலாமாம். அது என் வாடகையைவிட அதிகம்.

சௌக்கியமாக இல்லாதபோதுதான் அப்படிச் சொல்வேன் என்றாயே, சரிதான். ஆகஸ்டிலிருந்து இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் பெயர் வைப்பார்கள், பெயர் வைத்தால் வைத்தியம் பார்க்க வேண்டும். இதை உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. உன்னிடம் கேட்க எனக்கு என்ன உரிமை? கிளம்பும்போது ஒரு சீட்டுக்கூட எழுதி வைக்காமல் வந்தவள் நான்.

பதில் எழுத வேண்டாம்.

ஜினெட்

மாடவாஸ்கா
நவம்பர் 1, 2016

ஜினெட்,

உனக்குக் கணக்கு அப்போதும் வராது, இப்போதும் வரவில்லை. நீ கிளம்பிய நாள் வேறு, விவாகரத்து ஆன நாள் வேறு. அவர்கள் பார்ப்பது தீர்ப்புத் தேதியை. 1974 ஜூன் 15 கல்யாணம். 1984 ஜூலை 9 தீர்ப்பு. பத்து வருடம், இருபத்து நான்கு நாள். நீதிமன்றத்துக்குப் போய் முத்திரை போட்ட நகல் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். என் எண் பின்பக்கம் இருக்கிறது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். எழுதி உறையை ஒட்டியும் விட்டேன். என் மனைவி ஓரோர் வந்து, "யாருக்கு?" என்றாள். சொன்னேன். உன் கடிதத்தைக் கேட்டாள், கொடுத்தேன். அடுப்பில் ப்ளாய் அப்பம் வெந்துகொண்டிருந்தது. அவள் படித்து முடிப்பதற்குள் இரண்டு கருகிவிட்டன.

"விவாகரத்துக்கு ஒரு வருஷம் ஏன் இழுத்துச்சு? கோர்ட்டுல நெரிசல்னு சொன்னியே?" என்றாள்.

அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். ஊர் முழுக்க அப்படித்தான் சொன்னேன். உன்னிடமும் உன் வக்கீலிடமும் சொன்னேன். நெரிசல் எதுவும் இல்லை. ஷெரீப் ஆள் நீ போட்ட விவாகரத்து மனுவின் காகிதத்தோடு மூன்று தடவை வந்தான். மூன்று தடவையும் நான் பின்வாசல் வழியாக இறங்கி, அண்ணனுடைய ஏரிக் குடிசைக்குப் போய்விட்டேன். நாலாவது தடவை ஆலை வாசலில் பிடித்துக் கையில் திணித்தான். அதன் பிறகு இரவு ஷிப்ட் என்று சொல்லி இரண்டு தடவை விசாரணையைத் தள்ளி வைத்தேன்.

பத்தாவது கல்யாண நாள் வரட்டும், அன்றைக்காவது கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அன்று லீவு போட்டுவிட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், முழுச் சவரம் செய்துகொண்டு. இது யாருக்கும் தெரியாது. நீ கூப்பிடவில்லை. அடுத்த வாரம் நானே நீதிமன்றத்துக்குப் போனேன்.

ஓரோர் எல்லாவற்றையும் கேட்டாள். "மனுஷனா நீ? ஒருத்தி விட்டுட்டுப் போறேன்னு சொன்னா போக விடணும்ப்பா. பிடிச்சு வெச்சா திரும்பி வந்துடுவாளா?" என்றாள். முப்பது வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. என்னால் தலை நிமிர முடியவில்லை.

உன் முன்னாலும் முடியாது. அந்த ஒரு வருடத்தில் உனக்கு என்ன ஆயிற்று என்று நான் யோசித்ததே இல்லை. அவன் உன்னைக் கட்டிக்கொள்ளாமல் போனதற்கு நான்தான் காரணமா? கட்டியிருந்தால் இன்று அவன் கணக்கில் உனக்கு எல்லாம் கிடைத்திருக்குமே.

பிறந்தநாள் மாதத்துக்கு முன்பே எழுதிப் போட்டுவிடு. நவம்பரிலேயே. அப்போதுதான் டிசம்பர் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வரும். டாக்டர் செலவுக்கான இரண்டாம் பகுதியையும் சேர்த்துக் கேள். அது வேண்டாம் என்று விட்டுவிட்டு, பிறகு அபராதத்தோடு வாங்கிய ஆட்களை எனக்குத் தெரியும். வருமானம் குறைவு என்றால் அதற்கான மாதப் பணத்தை மாநிலமே கட்டும், அதற்குத் தனி விண்ணப்பம். வெட்கப்பட்டுக்கொண்டு அதைக் கேட்காமல் வந்துவிடாதே.

ரோஸேர்

பிடிஃபர்ட்
டிசம்பர் 11, 2016

ரோஸேர்,

இரண்டு விண்ணப்பமும் ஏற்றுக்கொண்டார்கள். ஜன்னல் பெண் தீர்ப்பின் தேதியை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு முறை படித்தாள். "இருபத்து நாலு நாள்ல தப்பிச்சீங்கம்மா!" என்று எழுந்தே நின்றுவிட்டாள். அட்டை வந்திருக்கிறது. மேலே என் பெயர். கீழே உன் எண், அதன் பின்னால் இரண்டு எழுத்து. மருந்துக் கடையில் அட்டையை நீட்டினால் உன்னைத்தான் நீட்டுகிறேன். முதல் தடவை கையால் மூடிக்கொண்டு கொடுத்தேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். இல்லை. நீ காரணம் இல்லை.

தீர்ப்புக் காகிதம் வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு வெண்டலிடம் ஓடினேன். ஐஸ் இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தான். "வந்துருச்சு" என்றேன். "நல்லது. அந்த ஸ்பேனரை எடு" என்றான். அவ்வளவுதான். அதன் பிறகு அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் யார் கேட்டாலும் உன் பெயரைத்தான் சொன்னேன். "என் முதல் புருஷன் பிடிவாதக்காரன், காகிதத்தைக் கொடுக்காம இழுத்தடிச்சு எங்க கல்யாணத்தையே கெடுத்துட்டான்." விடுதிக்கு வருகிறவர்களிடம், தேவாலயத்தில், வெண்டலின் பிள்ளைகளிடம். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். முப்பது வருடம் உன்னைத் திட்டியிருக்கிறேன், ரோஸேர், வேண்டாத ஒருத்தியாக என்னைக் காட்டிக்கொள்ள மனமில்லாமல். நீ செய்தது தப்புதான். நான் செய்ததும் அதைவிடச் சிறியது இல்லை. அந்த ஜூன் பதினைந்தாம் தேதி எனக்கு நினைவு இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டியைக் காட்டிவிட்டேன். நீ நினைக்கிறதுதான். ஆனால் சிறியது, பரவவில்லை என்கிறார்கள். ஜனவரி 4 அறுவை சிகிச்சை.

மருத்துவமனைப் படிவத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். 'அவசரத்தில் தெரிவிக்க வேண்டியவர்' என்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். நர்ஸ் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "காலியா விடக் கூடாது, யோசிச்சு எழுதிக்கிட்டு வாங்க" என்றாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓரோருக்கு என் வணக்கம். கருகிய ப்ளாய்க்காக மன்னிக்கச் சொல்.

ஜினெட்

மாடவாஸ்கா
டிசம்பர் 19, 2016

ஜினெட்,

அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதாதே. எனக்குக் காது மந்தம், போன் அடித்தால் கேட்காது.

ஓரோரின் பெயரை எழுது. எண் கீழே இருக்கிறது. இதை அவளே சொன்னாள். மூன்றாம் தேதி மதியத்துக்குள் இரண்டு பேரும் காரில் அங்கே இருப்போம். பனி கொட்டினாலும் இருப்போம். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு வாரத்துக்குத் துணிமணி எடுத்து வைத்துவிட்டாள். என்னை ஓட்டலில் தங்கச் சொல்கிறாள். என்மீது கோபம் இன்னும் தீரவில்லை.

'என்ன உறவு' என்று பக்கத்தில் ஒரு கட்டம் இருக்குமே, அதில் என்ன எழுதுவது என்று அவளிடம் கேட்டேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரக்கூட இல்லை.

"வேண்டியவள்னு எழுதச் சொல்லு."

ரோஸேர்