கடமையில் இருக்கும் ஆசிரியை

வட்டகொடை
2026 ஜூன் 14

மதிப்புக்குரிய பெற்றீசியா டீச்சருக்கு,

ஏஞ்சலாவின் அப்பா இக்னேசியஸ், ஸ்டேஷனடியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருப்பவன், வணக்கத்துடன் எழுதுவது. வத்தளையில் நீங்களும் கணவரும் கைக்குழந்தையும் சுகமாயிருக்க ஆண்டவர் துணை நிற்பாராக. இதை வாட்ஸப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் தனியாக அனுப்புவதும் தவறிப் பெற்றோர் குழுவுக்குப் போய்விடும் கைராசி எனக்கு. குழுவில் இப்போது வலயக் கல்வி அலுவலகத்தாரும் இருக்கிறார்கள். ஆகவே தபால்.

இங்கே மழை பிடித்துவிட்டது. நமது மகளிர் வித்தியாலயத்தின் பின்பக்க மண்மேடு போன வாரம் சரிந்து, பெற்றோர் எல்லோரும் சிரமதானம் செய்து அள்ளிக் கொட்டினோம். ஒற்றுமைக்கு நம்மிடம் என்றும் குறைவில்லை. நான் எழுத வந்ததும் அந்த ஒற்றுமை செய்த வேலையைப் பற்றித்தான்.

ஜனவரியில் நீங்கள் மாற்றலாகிப் போனதை யாரும் குறை சொல்லவில்லை. எத்தனை வருடம்தான் குடும்பம் ஓரிடம், நீங்கள் ஓரிடம் என்று இருப்பீர்கள்? ஆனால் நீங்கள் போன பிறகு உயர்தர விஞ்ஞான வகுப்பின் ஒன்பது பிள்ளைகளுக்கும் பௌதிகவியலுக்கு ஆள் வரவில்லை. ஆசிரியர் இல்லாத வகுப்பை மூடிப் பிள்ளைகளைக் கலைப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள் என்று பாடசாலை அதிபர் அம்மா சொன்னார். அன்றே பெற்றோர் சங்கம் கூடியது. புதியவர் வரும்வரை வகுப்பு வெறுமையாக இருப்பது வெளியே தெரியக் கூடாது. பாட நேரத்தில் பெற்றோரில் ஒருவர் முறை வைத்து டீச்சரின் நாற்காலியில் உட்கார்வது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு வேலைக் கணக்கில் அன்றைய பேர் விழாது, சம்பளம் போய்விடும். இருந்தும் ஒருவரும் முறை தவறவில்லை. பிள்ளைகள் பழைய வினாத்தாள்களைத் தாங்களே பார்த்துப் படித்தார்கள். கரும்பலகையில் நீங்கள் பாதியில் விட்டுப்போன கப்பிக் கணக்கை அழிக்க ஏஞ்சலா ஒருவரையும் விடவில்லை.

மார்ச்சில் பாடசாலையின் பத்தாண்டு அபிவிருத்தித் திட்டம் வந்தது. அதை நகல் எடுத்தவன் நான் என்பதால் முழுவதும் வாசித்தவனும் நானாகத்தான் இருப்பேன். 2035க்குள் நமக்கு ஒரு வானியல் கூடம் கிடைக்கும். வருடத்தில் பாதி நாள் பனிமூட்டத்தில் எதிர் லயத்து வீடுகளே தெரியாத ஊரில் நட்சத்திரம் பார்க்கக் கூடம் கட்ட நினைப்பதற்குத் தைரியம் வேண்டும். பெற்றோர் தரப்பில் ஒன்றே ஒன்று கேட்டிருந்தோம். பௌதிகவியலுக்கு ஓர் ஆசிரியர். அதை முதலாவதாகவே போட்டிருந்தார்கள்.

திட்டத்தைத் தொடங்கிவைக்க வலயத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அன்றைக்குச் சுலக்ஷனாவின் அம்மா மீனம்மாவின் முறை. பெரிய ஆட்கள் வருகிற நாள் என்று, தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த சேலையில் வந்திருந்தார். அதிகாரி சொல்லாமல் வகுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். பின்னால் அதிபர் அம்மாவும், நகல்களைச் சுமந்துகொண்டு நானும். மீனம்மா கரும்பலகையில் இருந்த கப்பிப் படத்தைக் காட்டி மகளிடம், "இது என்னா புள்ள, கொழுந்து நிறுக்கிற தராசா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி வாசலிலேயே நின்றுவிட்டார். பிள்ளைகளின் சூழலிலிருந்து பாடத்தைத் தொடங்குகிறார்களே, இதைத்தான் கருத்தரங்குகளில் மாடு மாதிரி கத்திக்கொண்டிருக்கிறோம் என்றார். பிறகு மீனம்மாவிடம், "எத்தனை வருசமா டீச்சர் இங்க இருக்கீங்க?" என்று கேட்டார். "நா பொறந்ததே இங்கதாங்க சேர்" என்றார் மீனம்மா. அவர் பொய் சொல்லவில்லை. மண்ணின் மகளே பௌதிகவியல் கற்பிக்கிறார் என்று அதிகாரி கைதட்டினார். நாங்களும் தட்டினோம். அதிபர் அம்மா வாயைத் திறந்தார், ஒன்பது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

அதே இடத்தில் பேனாவை எடுத்து, திட்டத்தின் முதல் வரியை அதிகாரி வெட்டினார். இருப்பதையே மறுபடி கேட்டால் மேலிடத்தில் நம் பேர் கெட்டுவிடும் என்று அன்பாகத்தான் சொன்னார். வானியல் கூடம் முதலாவது இடத்துக்கு ஏறிவிட்டது.

ஏப்ரலில் அதிபர் அம்மாவும் நானும் நுவரெலியாவில் வலய அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொன்னோம். அங்கிருந்த உத்தியோகத்தர் எங்களை உட்காரவைத்துப் பிளேன்டீயும் கொடுத்தார். பௌதிகவியல் ஆசிரியை கடமையில் இருப்பதாக அந்த அதிகாரியின் அறிக்கை மேலே போய்விட்டது. இல்லையென்று எழுதிக் கொடுத்தால் ஜனவரியிலிருந்து வகுப்பு நடக்கவே இல்லை என்றாகும், அன்றைக்கே மூட வேண்டி வரும் என்றார். "டீச்சர் இருக்காங்கன்னா வகுப்பு இருக்கும், புது டீச்சர் வர மாட்டாங்க. இல்லைன்னா வகுப்பே இருக்காது. எதுன்னு நீங்களே சொல்லுங்க, நா எழுதிக்கிறேன்." யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்தோம். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளைகள் யோசித்து முடித்துவிட்டார்கள். ஒன்பது பேரில் முதலில் நிலக்ஷி படிப்பை விட்டுத் தையல் ஆலைக்குப் போனாள். மே மாதம் சுலக்ஷனா. "நீயே பிசிக்ஸ் டீச்சர் ஆயிட்ட, இனி நா எதுக்கும்மா படிச்சுக்கிட்டு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாளாம். மறுநாள் காலை ரயிலில் கொழும்புக்கு ஏறிவிட்டாள். புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை. வகுப்பில் உங்களிடம் அதிகம் கேள்வி கேட்டு உயிரை வாங்குகிறவள் அவள்தான் என்று ஒரு கூட்டத்தில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

அச்சாகி வந்த திட்டப் புத்தகத்தில், அதிகாரி வந்த அன்று எடுத்த படத்தைப் போட்டிருக்கிறார்கள். கரும்பலகைக்கு முன்னால் மீனம்மா, முதல் வரிசையில் சுலக்ஷனா. கீழே, நாளைய விஞ்ஞானிகள் என்று அச்சு. மீனம்மா கடைக்கு வந்து அந்தப் பக்கத்தை மட்டும் கலரில் கேட்டார். தாயும் மகளும் சேர்ந்து எடுத்த படம் வேறு இல்லையாம்.

மகள் போய்விட்டாள், இனி முறைக்கு வர வேண்டியதில்லை, அன்றைய பேரையும் சம்பளத்தையும் விட வேண்டியதில்லை என்று அவரிடம் நானே சொன்னேன். "நா வராட்டி மத்தப் புள்ளைங்களுக்கு டீச்சர் இல்லாமப் போயிருமே அண்ணே" என்றார். செவ்வாய்க்கிழமைதோறும் அதே சேலையில் வந்து உட்காருகிறார்.

ஏஞ்சலா இன்னும் போகிறாள். இரவில் புத்தகத்தை மூடும் சத்தம் முன்னைவிடச் சீக்கிரம் கேட்கிறது.

திரும்பி வாருங்கள் என்று நான் எழுதவில்லை, டீச்சர். எழுதக் கூடாது என்று தெரியும். நான் கேட்பது சிறியது. புறக்கோட்டைப் பக்கம் போகும்போது சுலக்ஷனாவை ஒருமுறை பாருங்கள். கடை விலாசத்தைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அந்தக் கப்பிக் கணக்கின் மிச்சத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். கடைக்காரர் ஏதும் கேட்டால், நீங்கள் அவளுடைய பௌதிகவியல் ஆசிரியை என்றே சொல்லலாம். அறிக்கையும் அவளுக்கு ஓர் ஆசிரியை இருப்பதாகத்தான் சொல்கிறது.

உங்கள் குழந்தை நோய்நொடியில்லாமல் வளர்ந்து, ஆசிரியர் இருக்கிற வகுப்பில் படிக்கட்டும்.

இங்ஙனம்,
ம. இக்னேசியஸ்