பேனா இறங்கிய உத்தரம்

மார்ச் 3

மதிப்புக்குரிய சகலைக்கு,

நான் வாயைத் திறக்காமல் இருந்தது போதும்.

நீங்கள் காப்பாட்சியராக இருக்கும் அரண்மனையைப் பார்த்துவிட்டுத் திரும்பியதிலிருந்து என் மனைவி, "அத்தான் எவ்வளவு ஆசையா சுத்திக் காட்டினார், நன்றின்னு ஒரு வரி எழுதக் கூடாதா?" என்று குடைந்துகொண்டிருக்கிறாள். அக்காவின் கணவர் என்றால் அவளுக்கு எப்போதும் ஒரு படி உசத்தி. நன்றி. கோட்டை வாசலில் உங்கள் பெயரைச் சொன்னதும் காவலாளி எழுந்து நின்றார். டிக்கெட் வாங்க விடவில்லை. அரியணையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைக்கூட எங்களுக்காக அவிழ்த்துவிட்டீர்கள். கண்ணாடி மண்டபத்தில் உங்கள் சிப்பந்திகளிடம், "இவர் நம்ம சகலை. கட்டடம் கட்டச் சொல்லிக் கொடுப்பார், கட்டினது கிடையாது" என்று அறிமுகம் செய்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். நான் அதை மறக்கவில்லை. ஆனாலும் இது அதைப் பற்றிய கடிதம் அல்ல.

ராணிகள் ஒளிந்திருந்து தர்பாரைப் பார்த்த அந்த மர மாடத்தைப் பற்றியது. பல வருடம் பூட்டிக் கிடந்ததைப் பழுது பார்த்து, இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி மக்களுக்குத் திறக்கப் போவதாகச் சொன்னீர்கள். நீங்கள் எல்லோரையும் மேலே அழைத்துப் போனபோது நான் வரவில்லை. முழங்கால் வலி என்றேன். உண்மையில் உங்கள் விளக்கவுரையைக் கேட்கப் பிடிக்கவில்லை. மாடத்துக்கு நேர் கீழே நின்றேன். நீங்கள் எட்டுப் பேர்தான் மேலே நடந்தீர்கள். என் சட்டைத் தோளில் மாவு போல எதுவோ உதிர்ந்தது. தட்டிவிட்டேன். மறுபடி உதிர்ந்தது. மரத்தூள்.

பக்கத்துப் படியில் ஏறி, உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடத்தைப் பார்த்தேன். புதிதாகப் பூசிய தங்க வர்ணம். ஏற்கெனவே சின்னதாக ஓர் ஓட்டை இருந்தது, பூச்சி துளைத்திருக்கும் என்று நினைத்தேன். அதன் அருகில் என் பேனாவை வைத்து லேசாக அழுத்தினேன். மூடி வரைக்கும் உள்ளே போய்விட்டது, சகலை. தடையே இல்லை. தங்கத்துக்குப் பின்னால் மரம் இல்லை. அந்த நேரத்தில் மேலே என் மகள் குதித்து, "பெரியப்பா, இங்கேருந்து சிம்மாசனம் எவ்வளவு அழகா தெரியுது!" என்றாள்.

படிப்புக்காக அவளை உங்கள் வீட்டில் விட்டிருக்கிறேன். விடுமுறை நாட்களில் அரண்மனையில் வழிகாட்டியாக நிற்கிறாள். திறப்பு நாளில் அந்த மாடத்தில் நின்று விருந்தினர்களுக்கு விளக்கப் போவது அவள்தான். அந்த மாடத்தைத் திறக்காதீர்கள்.

போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சகலை


மார்ச் 9

அன்புள்ள சகலைக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். முழங்கால் வலியோடு படியேறி என் உத்தரத்தைக் குத்திப் பார்த்த வீரத்தை மெச்சினேன். நம் மாமனார் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாள் முதல் என்னைக் குத்திப் பார்க்கிறவர்தானே நீங்கள்!

பழைய மரம் என்றால் தூள் கொட்டத்தான் செய்யும். வல்லுநர்கள் பார்த்தார்கள், வேலை முடிந்ததென்று நானும் சான்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அழைப்பிதழ் போய்விட்டது. இப்போது போய், "என் சகலை பேனாவால் குத்தினார்" என்று எங்கள் அரண்மனை இயக்குநரிடம் சொன்னால் என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்.

பெண் நன்றாக இருக்கிறாள். உங்கள் அண்ணி அவளுக்குத் தலைவாரிவிடும் அழகைப் பார்க்க வேண்டுமே. எங்களுக்குக் குழந்தை இல்லாத குறையே தெரியவில்லை. எதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
குட்டி ராஜா
(என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் வைத்த பெயர். எனக்குத் தெரியும்.)


மார்ச் 13

சகலைக்கு,

உங்கள் வேடிக்கையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. வகுப்பில் கரும்பலகையில் உத்தரம் வரைகிறேன், சுண்ணாம்புக்கட்டி முனை நொறுங்கி உதிர்கிறது. மாணவர்கள் பார்க்கிறார்கள்.

மகளுக்குப் போன் செய்தேன். மேலே போகாதே என்றேன். "பெரியப்பா எதைத் தொட்டாலும் உங்களுக்கு விரிசல்தாம்பா தெரியும்" என்றாள். சத்தியம் செய்தேன். பிறகு, "நெஜமாவே விழும்னு நம்பினா, என்னை மட்டும் ஏம்ப்பா எறங்கச் சொல்றீங்க? மத்தவங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். இத்தனை வருடம் உங்களைப் பற்றி வீட்டில் பேசிப் பேசி, என் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லாமல் செய்துகொண்டேன். அதற்கும் நீங்கள்தான் காரணம்.

முடிவு செய்துவிட்டேன். உங்கள் துறைத் தலைமையகத்துக்கு மனு எழுதப் போகிறேன். என் பெயர், பட்டம், பதவி எல்லாம் கீழே இருக்கும். நான் கல்லூரி முதல்வராக வேண்டிய வருடம் என்மேல் ஒரு மொட்டைக் கடிதம் போனதே, மட்டம் பார்க்கும் கருவியைக் கல்லூரியிலிருந்து வீட்டு மாடிக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன் என்று? அந்த வாரம் என் மாடிக்கு வந்தவர் நீங்கள் ஒருவர்தான். அப்படி இருட்டில் நின்று கல்லெறிகிற ஆள் நான் இல்லை. முகத்துக்கு நேராக, கையெழுத்துப் போட்டு எழுதுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாத்தியார்


மார்ச் 17

அன்புள்ள சகலை,

அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

பெயர் போட்டு மனு வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? தலைமையகம் அதை விளக்கம் கேட்டு என் மேஜைக்கே அனுப்பும். நானே பதில் எழுத வேண்டும். மனுதாரர் என் சகலை, குடும்ப மனஸ்தாபம் என்று ஒரே வரி எழுதினால் போதும், கோப்பு மூடப்படும். நான் எழுதாவிட்டாலும் இயக்குநர் எழுத வைப்பார். சென்ற மாதம் ஒருமுறை அவர் அறைக்குப் போய்த் தேதியைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டேன். "சான்றுல கையெழுத்து உங்களோடது சார். தள்ளி வச்சா மாட்டப் போறது நான் இல்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் கோப்பை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பெயரில்லாமல் வந்தால் கதையே வேறு. எழுதியவன் யாரோ, பத்திரிகைக்கு எழுதுவானோ, அடுத்து யாருக்கு எழுதுவானோ என்று மேலே இருப்பவர்களுக்கு உதறல் எடுக்கும். விளக்கம் யாரிடமும் கேட்க மாட்டார்கள். நேரே ஆளை அனுப்பி உத்தரத்தைத் திறந்து பார்ப்பார்கள். போன வருடம் நந்தவனக் கிணற்றை மூடியது அப்படித்தான்.

உங்கள் பேனா போன இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டை பார்த்தேன் என்றீர்களே. அது பூச்சி போட்டதில்லை, சகலை. நான் குத்திப் பார்த்தது.

அதற்குப் பிறகு நான் மாடத்தின் நடுவில் கால் வைத்ததே இல்லை. அன்று உங்களோடு வந்தவர்களை அழைத்துப் போனபோதுகூடச் சுவரை ஒட்டியே நின்றேன். நம் பெண் குதித்தபோது என் உயிர் என்னிடம் இல்லை. திறப்பு நாளன்று அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் பூட்டிவைக்கலாம் என்றுகூட யோசித்தேன். மற்றவர்கள் பிள்ளைகளை எங்கே பூட்டிவைப்பது?

அந்தப் பழைய கடிதத்தை நான் எழுதவில்லை. நீங்கள் நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை.

உங்கள் அண்ணிக்கு எதுவும் தெரியாது.

உங்கள்
சகலை


மார்ச் 20

அன்புள்ள சகலைக்கு,

இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

மனுவை எழுதிவிட்டேன். என் எழுத்து உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது தெரிந்திருக்கும் என்று இடது கையால் எழுதினேன். முதல் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல இருக்கிறது. எந்த உத்தரம், சுவரில் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், எல்லாம் சொல்லியிருக்கிறேன். இரண்டு ஓட்டைகள் என்று எழுதவில்லை. ஒன்று என்றுதான் எழுதினேன்.

அவர்கள் வந்து வர்ணத்தைச் சுரண்டினால் அடுத்து உங்கள் சான்றைத்தான் தேடுவார்கள். அது தெரிந்துதான் எனக்கு வழி சொன்னீர்கள் என்று நேற்று முழுக்க யோசித்தேன். உங்கள் நாற்காலி போகும். பதவியோடு வந்த அந்த வீடு போகும். வாசலில் காவலாளி எழுந்து நிற்க மாட்டார். நீங்கள் சறுக்குவதைப் பார்க்க வேண்டும் என்று நான் காத்திருந்தது பொய்யில்லை. இப்போது என் கையாலேயே தள்ளப் போகிறேன், பயமாக இருக்கிறது. உத்தரத்தைப் பார்த்தபோது வந்த அதே பயம்.

அந்தப் பழைய கடிதத்தை எழுதியது நீங்கள்தான் என்று இன்னமும் நினைக்கிறேன். இதனால் அது கழிந்துபோகாது. அதற்காக வேறு வீடு கிடைக்கும்வரை நீங்களும் அண்ணியும் எங்களோடு வந்து இருக்கக் கூடாது என்று ஒன்றும் இல்லை. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. அங்கே இப்போது எந்தக் கருவியும் இல்லை, வந்து சோதித்துக்கொள்ளலாம்.

மகளிடம் எதுவும் சொல்லாதீர்கள். அப்பாவின் பேச்சை யாரும் கேட்கவில்லை, யாரோ முகம் தெரியாதவன் எழுதித்தான் மாடம் மூடப்பட்டது என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும். அவள் கீழே நின்றால் போதும்.

மனுவின் அடியில் பழக்கத்தில் 'இப்படிக்கு' என்று எழுதிவிட்டேன். அதன் கீழே பெயர், பட்டம், பதவி மூன்றுக்கும் இடம் விட்டிருந்தேன். அந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, 'இப்படிக்கு'க்கு மேலேயே வெட்டிவிட்டேன். காலையில் முதல் தபாலில், கையெழுத்தில்லாமலே போடுகிறேன். இந்தக் கடிதத்தையும் அப்படியே.