லிப்ட் கதைக்கு ஒரே ஒரு ஓட்டு

மதிப்பிற்குரிய பிராந்திய மேலாளர் அவர்களுக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். வணக்கமெல்லாம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் திரையைப் பார்த்துச் சொல்லியாகிவிட்டது, அதையே வைத்துக்கொள். அங்கே உன்னை சார் என்று கூப்பிடுகிறேன். இது என் தாள், என் பேனா. இங்கே அந்த சார் வராது. அலுவலக மின்னஞ்சலை உன் செயலாளர் படித்துவிட்டுத்தான் உனக்கு அனுப்புகிறாராம். அதனால்தான் தபால்.

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. முகத்துக்கென்று தனி விளக்கு, பின்னால் புத்தக அலமாரிப் படம், எல்லாம் வாராவாரம் பார்க்கிறேன். அசல் அலமாரியிலிருந்து நீ ஒரு புத்தகத்தையும் எடுத்துப் பிரித்து நான் பார்த்ததில்லை. இங்கே அனைவரும் சௌகரியம். என் மனைவிக்கு முதுகுவலி விட்டபாடில்லை. மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். சேர்ந்தபோது நீ வாழ்த்துச் செய்தி அனுப்பினாய், ஒரு கட்டைவிரல் படம். அவள் அதையும் என்னிடம் காட்டிச் சந்தோஷப்பட்டாள். அவளுக்கு நீ இன்னும் நெட்டை மாமாதான். அதுதான் இப்போது சிக்கல்.

கிளை அலுவலகத்தை மூடி எங்களை அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னாய். ஒரே மேசையில் டிபன் பிரித்துச் சாப்பிட்டவர்களைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஒற்றுமை குறைந்துபோனதாகக் கண்டுபிடித்தது யார்? நீயேதான். உடனே விளையாட்டு. வீட்டிலிருந்து சிவப்பாக ஏதாவது கொண்டுவாருங்கள், முதலில் வருகிறவருக்குப் புள்ளி என்றாய். ஓய்வு பெறப்போகிற கணக்காளர் சிவப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, மூச்சு வாங்கி, பேசமுடியாமல் நின்றார். முழங்கால் போன நம் பழைய ஃபிட்டர் எழுந்திருக்கவே இல்லை. நாக்கை நீட்டி, "இதுவும் சிவப்புதானே சார், போட்டுக்குங்க புள்ளி" என்றார். அந்தக் கூட்டங்களிலேயே நான் மனதாரச் சிரித்தது அன்று ஒருமுறைதான். அவருக்குப் புள்ளி கிடைக்கவில்லை.

விளையாட்டு நடத்துகிற அந்த மணியடிக்கும் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். பாவம், அவளுக்கு அது பிழைப்பு. விதிகளை வகுத்துக் கொடுத்தது நீ.

போன வாரத்துக்கு வருகிறேன். ஆளுக்கு மூன்று செய்தி சொல்லவேண்டும், அதில் ஒன்று பொய். எது பொய் என்று மற்றவர்கள் ஓட்டுப் போடவேண்டும். யாருடைய ஓட்டோடும் சேராமல் எவர் தனியாக நிற்கிறாரோ அவருக்குத் தண்டனை. குழு மனப்பான்மை இல்லாததற்காம்! நீ சொன்ன மூன்று: சிறுவயதில் உன்னை நாய் கடித்தது, உனக்கு நன்றாக நீச்சல் தெரியும், லிப்டில் மாட்டிக்கொண்ட ஒரு சிறுமியை நீ காப்பாற்றினாய்.

அந்த மூன்றாவதை நீ சும்மா சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி நடித்தே காட்டினாய். இரண்டு மாடிக்கு நடுவே நின்ற லிப்ட். வெளியே அழுகிற தாய். பெட்டியின் கூரைமேல் குப்புறப் படுத்து, சின்ன மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டாயாம். குழந்தை உன் விரலைப் பிடித்துக்கொண்டு, "மாமா, மேல என்ன இருக்கு?" என்று கேட்டதாம்.

கேட்டது என்னை. பிடித்தது என் விரலை. நாம் ஒன்றாக லிப்ட் பழுது பார்த்துத் திரிந்த காலம் அது; நீ அப்போது உச்சியில், இயந்திர அறையில், பிரேக்கை விடுவித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாய். அது லேசான வேலை என்று நான் எந்நாளும் சொன்னதில்லை. கை வழுக்கியிருந்தால் அவளோடு நானும் போயிருப்பேன். ஆனால் அந்தக் குழந்தையின் முகத்தை நீ பார்த்ததே கிடையாது. நீ இறங்கி வருவதற்குள் தாய் அவளை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். அவள் கேட்டதை, படிக்கட்டில் உட்கார்ந்து உன்னிடம் சொன்னவன் நான். நான் சொன்ன பதிலையும் உன்னிடம் சொன்னேன். "மேல ஒரு பெரிய சக்கரம் இருக்கு கண்ணு. அதை ஒரு நெட்டை மாமா சுத்திக்கிட்டிருக்கார். அவர் சுத்தச் சுத்த நீ அம்மாகிட்ட போயிடுவே." உன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். என் மகள் இந்தக் கதையைக் கேட்டுத்தான் சோறு தின்று வளர்ந்தாள். அவள் உன்னை நெட்டை மாமா என்று கூப்பிட ஆரம்பித்ததும் இதிலிருந்துதான்.

அந்தப் பதிலை மட்டும் நீ வெள்ளிக்கிழமை சொல்லவில்லை. சொன்னால் உன்னை எங்கே வைப்பாய்? "மேலே யாரோ சக்கரத்தைச் சுத்தினாங்க" என்றாய். யாரோ! எங்கள் வீட்டில் ஒருநாளும் நீ யாரோ ஆனதில்லை.

ஓட்டு வந்தது. நீச்சல் பொய் என்று எனக்குத் தெரியாதா? இடுப்பளவுத் தண்ணீரில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நீ அலறியதை மறந்துவிட்டேனா? ஒன்றுதான் பொய் என்பது விதி, நீ இரண்டு வைத்திருந்தாய். புள்ளி வேண்டியிருந்தால் நீச்சலைத் தொட்டிருப்பேன். நீ பார்க்கவேண்டும் என்றே லிப்டைத் தொட்டேன். சிலர் நாய், சிலர் நீச்சல், லிப்ட் கதைக்கு ஒரே ஒரு ஓட்டு. பக்கத்தில் என் பெயர். ஒரு நொடி உன் முகம் மாறியது. பிறகு சிரித்தாய். "வாத்தி என்னைக்கும் என்னை நம்பமாட்டான்" என்று நீ எனக்கு வைத்த பழைய பட்டப்பெயரைச் சொன்னாய், எல்லோரும் சிரித்தார்கள். மணி அடித்தது. தண்டனை, சேவல் மாதிரிக் கூவவேண்டும்.

கூவினேன். கூவாவிட்டால் ஒத்துழைப்பு இல்லாதவன் என்று எழுதிவைப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா?

என் மேசை இருப்பது கூடத்தில். சத்தம் கேட்டு மகள் வந்து நின்றாள். முன்பே அறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், உன் கம்பீரக் குரல் எந்தச் சுவரையும் தாண்டும். கூட்டம் முடிந்ததும், "அப்பா, அந்த லிப்ட் கதை மாமாவோடதா?" என்றாள். "என்னோடதுதாம்மா" என்றேன். "சரிப்பா" என்றாள். அன்றிலிருந்து என்னோடு மரியாதையாகப் பேசுகிறாள். தட்டை எடுத்துவைக்கிறாள், மாத்திரை போட்டீங்களா என்கிறாள். எதற்கெடுத்தாலும் என்னைக் கேலி செய்கிறவள், ஒரு வாரமாக ஒரு கேலி இல்லை. கூவின சேவலைப் பற்றிக்கூட இல்லை. பொய் சொல்லிப் பிடிபட்டவனிடம் அப்படித்தான் நடந்துகொள்வார்கள்.

உனக்குத் தொலைபேசினேன். என்ன சொன்னாய் என்று நினைவூட்டுகிறேன். "டேய், விளையாட்டுடா அது. ரெண்டு பேரும்தானே போனோம், யார் சொன்னா என்ன? வயசாகுது உனக்கு." அடுத்த அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டாய். என் மனைவியும், "ஒரு விளையாட்டுக்கா இத்தனை கோபம், சாப்பிட வாங்க" என்கிறாள்.

கேட்டுக்கொள். நான் எழுதிக் கொடுத்த திட்டத்தை உன் பெயரில் மேலிடத்துக்கு அனுப்பி நீ பதவி வாங்கினாய், மென்று விழுங்கினேன். என் வீட்டு விசேஷத்துக்கு வந்து என் மேலதிகாரியோடு மட்டும் பேசிவிட்டுப் போனாய், அதையும் விழுங்கினேன். என் டார்ச் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பதவி, அந்த நாற்காலி எல்லாம் நீயே வைத்துக்கொள். டார்ச்சையும் வைத்துக்கொள். என் மகளிடம் மட்டும் நான் பொய்யனாக இருக்கமுடியாது. கூட்டத்தில் நீ மன்னிப்புக் கேட்கவேண்டாம், உனக்கு அது வராது. அவளைக் கூப்பிட்டு, சக்கரம் சுற்றியது யார் என்று மட்டும் சொல். அதே எண்தான். மாலையில் வீட்டில் இருப்பாள். நீ கூப்பிட்டால் எடுப்பாள். உன்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

அன்றைக்கு நீ அந்தச் சக்கரத்தை விடாமல் பிடித்ததால்தான் எனக்கு ஒரு மகள் பிறந்து வளர்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டாள். அந்த ஒன்றுக்காக, நீயும் உன் பிள்ளைகளும் நன்றாக இருங்கள்.

கீழே பெயர் எழுதி, பார்த்துவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துப்போட்டேன். இந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதியிருக்கிறேன். உன் வேலை அறிக்கைகளை வருடக்கணக்கில் எழுதித் தந்த கை இது, எழுத்து உனக்குத் தெரியும். தெரியவில்லையென்றால் யாரோ எழுதியது என்று வைத்துக்கொள். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கப்போகிறேன்.