துபாயிலிருந்து நாலு மணி நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு, அருள்பாண்டி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். முழங்கால் மாத்திரையை விடாதே.

போனில் நீ அழுதுவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். துபாயிலிருந்து மதுரை விமான நிலையம் ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம். "எழுமலையில பஸ் ஏறித் திருச்சி போற நேரந்தான்" என்று அப்பாவிடம் சொன்னவன் நான். அதை நம்பித்தான் அப்பா இறந்த அன்று, "எம்மவன் நாலு மணி நேரத்துல வந்துருவான், ஐஸ் பெட்டி எதுக்கு?" என்று மாமாவைத் தடுத்துவிட்டாய். நான் வரவில்லை; உடலை வைத்திருக்க முடியாமல் சாயங்காலமே எடுத்துவிட்டார்கள்.

என் பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது. அதைத் திருப்பித் தரக் கையெழுத்துப் போடுகிற ஆள் இரண்டு நாள் லீவு. படித்த இன்ஜினியர் நான், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. தப்பு என்னுடையது. "பெட்டி வச்சிருந்தா முகத்தையாவது பாத்திருப்பான்" என்று இனி யாரிடமும் சொல்லாதே.

அப்பா சவரம் செய்யும் கண்ணாடியை எடுத்து வை. என் ரூமில் கண்ணாடி இல்லை.

கம்பெனி வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். முப்பதாம் நாள் காரியத்துக்கு லீவு கிடைத்துவிட்டது. எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்காதே, சொல்ல மாட்டேன். வாசலில் வந்து நின்று கூப்பிடுகிறேன்.

அருள்பாண்டி